கொண்டைமலையைச் சுற்றப் போன மாப்பிள்ளை

கொண்டைமலைப்பட்டி ஆட்களை யாராவது முட்டாள்னு சொன்னா எனக்குப் பொல்லாத கோபம் வரும். என்னைப் பெத்தவ பொறந்த ஊருங்க அது. அவங்க முட்டாள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்றவங்க, அவ்வளவுதான். நீங்களும் நானும் ஒருத்தர் சொல்றதுல பாதியைக் காதுல வாங்கிட்டு, மீதியை நாமளா யோசிச்சு நிரப்பிக்கிறோம். அந்தக் கெட்ட பழக்கம் அந்த ஊர்ல ஒருத்தருக்கும் கிடையாது. நம்பலைன்னா, சடையாண்டி மலை சுத்தப் போன கதையைக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

அந்த ஊர்ல கல்யாணம்னா ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டுற அன்னிக்கு விடியக்காலம் மாப்பிள்ளை தன் சொந்தக்காரங்களோட கிளம்பி, கொண்டைமலையை ஒரு சுத்து சுத்திட்டு வரணும். ஊரைத் தாண்டினா முதல்ல காடு. காடு முடிஞ்சா மலைக்குப் பின்பக்கம் புல்வெளி. ஊர் மாடு பூரா அங்கேதான் மேயும். புல்வெளியைத் தாண்டி இறங்கினா மறுபடி ஊருக்கே வந்துடலாம். ஆடி அசைஞ்சு நடந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துடற தூரம்தான்.

ஆனா ஒரு சிக்கல். விளக்கு வைக்கிறதுக்குள்ள மாப்பிள்ளை சுத்தி வந்து சேரலைன்னா, பொண்ணை அடுத்த முறைக்காரனுக்குக் கட்டி வச்சுடுவாங்க. மணையில உட்கார்ந்த பொண்ணு தாலி ஏறாம எந்திரிக்கக் கூடாதாம்.

சடையாண்டிக்குப் பஞ்சவர்ணத்தைப் பேசி முடிச்சிருந்தாங்க. பெரியவங்க பேசி முடிச்சாங்கன்னு சொல்றேனே தவிர, அதுக்கு ரொம்ப முன்னாடியே ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் உசிரா இருந்தவங்கதான். அவ கிடைக்கலைன்னா நான் சோறு தண்ணி எறங்காம செத்துடுவேன்னு அவன் ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருந்தான். அவளும் அதையேதான் சொல்லி வச்சிருந்தா.

அடுத்த முறைக்காரன் யாருன்னா, மாவு மில் வச்சிருக்கிற சோணைமுத்து. அவன் அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே தலைக்குக் குளிச்சு, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, பந்தல்ல முன்வரிசையில வந்து உட்கார்ந்துட்டான். "சும்மா வேடிக்கை பாக்கலாம்னு வந்தேன்"னான். கையில மாலை வேற வச்சிருந்தான், பாவி.

சடையாண்டியோட கிளம்பினவங்க மூணு பேர். ஒருத்தர் பெரியப்பா பொம்மையன். யோசிக்காம ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் யோசிக்காமலே பேசியிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு நமக்குத் தோணும். ரெண்டாவது தாய்மாமன் பேச்சிமுத்து, மூக்குக்கு மேல கோபம் உள்ளவர். மூணாவது அக்கா புருஷன் இருளப்பன். கல்யாணத்துக்கு அழைக்கிற வெத்தலை பாக்குப் பையைச் சுமக்கிற பொறுப்பு அவரோடது.

பொண்ணோட அப்பா குருவப்பன் நாலு பேரையும் நிக்க வச்சுச் சொன்னார்.

"கேட்டுக்கங்க. மலை எப்பவும் உங்க வலது கைப் பக்கமே இருக்கணும். ஒரு நொடி இடது கைக்கு வந்துச்சுன்னாலும் சுத்தினது செல்லாது. அப்புறம், புல்வெளியில இருக்கிற ஒருத்தரையும் விடாம, முறை சொல்லிக் கூப்பிட்டு வெத்தலை வச்சு அழைச்சுடுங்க. யாராச்சும் கோவிச்சுக்கிட்டா கையில கால்ல விழுந்தாவது கையோட கூட்டிட்டு வந்துடணும். ஒருத்தர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாலும் கல்யாணம் விளங்காது."

"அவ்வளவுதானே சம்பந்தி?"ன்னு பொம்மையன் கேட்டார். "நீங்க நிம்மதியாப் பந்தியைப் பாருங்க."

கிளம்பினாங்க. காலை வெயில், பனி ஈரம், குருவிச் சத்தம். நடக்கவே சுகமா இருந்துச்சு. மலை சமர்த்தா வலது கைப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்துச்சு.

காட்டுக்குள்ள நுழைஞ்சதும் பாதை மலையைப் பாத்து நேரா ஏற ஆரம்பிச்சுது. பொம்மையன் கையை நீட்டி எல்லாரையும் நிறுத்திட்டார்.

"மலை இப்போ எங்கே இருக்கு?"

"முன்னாடி இருக்கு பெரியப்பா."

"முன்னாடி இருக்கலாம்னு சம்பந்தி சொன்னாரா?"

"சொல்லலையே."

நாலு பேரும் வலது தோளை மலைக்குக் காட்டி, நண்டு மாதிரி பக்கவாட்டுல ஏறினாங்க. கால் பின்னிக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்தாங்க. விழுந்தவங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, மலை எந்தப் பக்கம் இருக்குன்னு படுத்த வாக்குலயே பாத்துக்கிட்டாங்க. பேச்சிமுத்து ஒரு தடவை தப்பான பக்கமா உருண்டுட்டார். உருண்டவர் உடனே கண்ணை மூடிக்கிட்டு, "நான் பாக்கலை, நான் பாக்கலை"ன்னு கத்தி, மறுபடி சரியான பக்கமாப் புரண்டார். பாக்காதது கணக்குல வராதுன்னு பொம்மையன் தீர்ப்புச் சொன்னார்.

ஏத்தம் முடிஞ்சு பாதை சமமாச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டாங்க. அப்பத்தான் இருளப்பன் பாதைக்கு இடது ஓரத்தைக் காட்டினார்.

"ஏங்க, இந்தக் கல்லெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"மலையில இருந்து உருண்டு வந்துச்சு."

"அப்போ அதுவும் மலைதானே?"

நியாயமான கேள்வி பாருங்க. நாம யாராவது இப்படி யோசிச்சிருப்போமா?

"பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போயிட்டா பொறந்த வீட்டுக்காரி இல்லைன்னு ஆயிடுமா?"ன்னு பேச்சிமுத்து கேட்டார். "ஆகாது. கல்லு கீழே வந்துட்டாலும் மலைதான்."

"மலையில பாதி வலது கைப் பக்கமும் பாதி இடது கைப் பக்கமும் இருக்கு"ன்னு பொம்மையன் சொன்னார். "இப்படியே போனா பாதிக் கல்யாணம்தான் ஆகும்."

அதனால இடது பக்கம் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி வலது பக்கம் போட்டுக்கிட்டே நடந்தாங்க. சின்னக் கல்லைச் சடையாண்டி எடுத்தான், பெரிய கல்லை எல்லாரும் சேர்ந்து உருட்டினாங்க. காட்டுப் பாதை பூராக் கல்லுதான். கல்யாண வேட்டி மண்ணு வேட்டியாச்சு. கடைசியா ஒரு இடத்துல, வீடு அளவுக்கு ஒரு பாறை இடது பக்கம் உட்கார்ந்திருந்துச்சு. தள்ளிப் பாத்தாங்க. கெஞ்சிப் பாத்தாங்க. அது அசையலை. வேற வழியில்லாம, பாதையை விட்டு முள்ளுக்குள்ள புகுந்து, பாறையையும் மலையோட சேர்த்து வலது கையில வச்சுக்கிட்டுச் சுத்தி வந்தாங்க. வெளியே வந்தப்போ நாலு சட்டையும் முள்ளுச்செடிக்குச் சொந்தமாயிருச்சு.

"பை எங்கே மச்சான்?"ன்னு சடையாண்டி கேட்டான்.

இருளப்பன் கையைப் பாத்தார். வெத்தலைப் பையைக் காணோம். பாறைக்கு அந்தப் பக்கம், வந்த பாதையில வச்சது வச்சபடியே கிடந்துச்சு.

திரும்பி நடந்து எடுத்தா மலை இடது கைக்கு வந்துடும். எடுக்காம போனா கல்யாணத்துக்கு அழைக்க வெத்தலை இல்லை. நாலு பேரும் குத்த வச்சு உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசிச்சாங்க. சூரியன் அதுபாட்டுக்கு நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு.

கடைசியில சடையாண்டிக்குத்தான் அந்த யோசனை வந்துச்சு. ஆசை வச்ச மனசு பாருங்க, எப்படியும் ஒரு வழி கண்டுபிடிச்சிடும்.

"திரும்பாமலே போகலாமே! முகம் இப்படியே இருக்கட்டும். கால் மட்டும் பின்னாடி போகட்டும்."

பொம்மையன் அவனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். "எங்க வம்சத்துலேயே உனக்குத்தான்டா மூளை!"

இருளப்பன் பின்னாலேயே நடந்து போய், பின்னாலேயே முள்ளுக்குள்ள புகுந்து, குனிஞ்சு கால் வழியாக் கையை விட்டுப் பையை எடுத்துட்டு வந்தார். மலை கடைசி வரைக்கும் வலது கைப் பக்கம்தான் இருந்துச்சு. அதை மறுக்க யாராலும் முடியாது.

புல்வெளிக்கு வந்து சேர்ந்தப்போ உச்சிப்பொழுது தாண்டிருச்சு. அடடா, அந்த இடத்தைப் பாக்கணுமே நீங்க! பச்சைப்பசேல்னு கண்ணுக்கு எட்டுற வரைக்கும் புல்லு, அதுல மாடுங்க, ஜிலுஜிலுன்னு காத்து. மாடு மேய்க்கிறவங்க ஒருத்தரையும் காணோம். காணாததுக்குக் காரணம், கல்யாணச் சாப்பாடுன்னு கேள்விப்பட்டு, காலையிலேயே அந்தப் பக்கமா ஊருக்கு இறங்கிப் போயிட்டாங்க.

"புல்வெளியில இருக்கிற ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு சம்பந்தி சொன்னார்"னு பொம்மையன் ஞாபகப்படுத்தினார். "இருக்கிறவங்களைக் கூப்பிடுங்க."

இருந்தது மாடுங்கதான்.

சடையாண்டி முதல் பசுவுக்கு முன்னாடி போய்க் கும்பிட்டான். "சின்னம்மா, நம்ம வீட்டுக் கல்யாணம். அவசியம் வந்துடணும்." வெத்தலையை நீட்டினான். சின்னம்மா வாங்கி, அங்கேயே மென்னு சாப்பிட்டுட்டா. எல்லாருக்கும் ரொம்பச் சந்தோஷம். அடுத்தது அத்தை. அதுக்கடுத்தது மதினி. கன்னுக்குட்டிகிட்ட, "அம்மாகூடவே வந்துடு தங்கம்"னு சொன்னாங்க. வயசான ஒரு எருமைக்குப் பாக்கை இடிச்சுக் கொடுக்க ஆளில்லையேன்னு இருளப்பன் வருத்தப்பட்டு, தானே மென்னு கொடுத்தார்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. புல்வெளியோட அந்தக் கோடியில, ஊருக்கு இறங்குற பாதையை மறிச்சுக்கிட்டு ஒரு காளை நின்னுச்சு. வெத்தலையை நீட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. இந்தப் பக்கம் போய் நீட்டினா அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு.

"போச்சு"ன்னார் பொம்மையன். "கோவிச்சுக்கிட்டார்."

"ஏன் பெரியப்பா?"

"அந்த மீசையையும் திமிலையும் பாத்தா தெரியலையா? பெரிய இடத்து ஆளு. முறைக்கு மாமன் மாதிரி இருக்கார். மாமனை விட்டுட்டு நீ சின்னம்மாவுக்கும் கன்னுக்குட்டிக்கும் முதல்ல வச்சா, எந்த மாமன் பொறுத்துக்குவார்?"

சடையாண்டி நெடுஞ்சாண்கிடையா விழுந்தான். "மாமா! தெரியாம பண்ணிட்டேன். நீங்க வந்துதான் நடத்திக் கொடுக்கணும் மாமா!"

அவ்வளவுதான், பின்னாடி இருந்த பேச்சிமுத்து துண்டை உதறித் தோள்ல போட்டார். "அவர் மாமான்னா நான் யாரு? உன்னை மடியில வச்சுக் காது குத்தினது யாரு? அவரா? அவரையே கூட்டிட்டுப் போ. நான் வரலை." சொல்லிட்டு, மலை வலது கைப் பக்கம் இருக்கிற மாதிரி பாத்து உட்கார்ந்து, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார்.

இப்போ கோவிச்சுக்கிட்டவங்க ரெண்டு பேர் ஆச்சு. காளையைக் கும்பிட்டா பேச்சிமுத்துக்கு ஆகலை. பேச்சிமுத்தைக் கும்பிட்டா காளை கண்டுக்கலை. கடைசியில, காளை பெரிய மாமா, இவர் சொந்த மாமான்னு பொம்மையன் பிரிச்சு வச்சார். பேச்சிமுத்து அரை மனசா எந்திரிச்சார். பொழுது அதுக்குள்ள நல்லாச் சாய்ஞ்சிருச்சு.

சடையாண்டிக்கு அழுகையே வந்துருச்சு. "பஞ்சவர்ணம் அங்கே உட்கார்ந்திருப்பாளே! அந்த மில்லுக்காரன் கையில மாலையோட இருக்கானே! காளையைச் சுத்திக்கிட்டுப் போயிடலாம் பெரியப்பா."

"எப்படிடா போறது? இடது பக்கம் பள்ளம். வலது பக்கமாப் போனா பெரிய மாமாவை நம்ம இடது கைப் பக்கம் விடணும். ஏற்கெனவே கோபத்துல இருக்கிறவரை அப்படி அவமரியாதை பண்ணலாமா?"

பண்ணக் கூடாதுதான். சடையாண்டி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கடைசி முயற்சியா வெத்தலைப் பையையே காளையோட மூக்குக்கு நேரா நீட்டினான். காளை முன்னங்காலால மண்ணைக் கிளறிச்சு. தலையைத் தாழ்த்துச்சு.

"கும்பிடுறார்! கும்பிடுறார்!"ன்னு இருளப்பன் கத்தினார். நாலு பேரும் பதிலுக்குக் குனிஞ்சு கும்பிட்டாங்க. நிமிர்ந்து பாத்தா காளை பாய்ஞ்சு வந்துக்கிட்டு இருந்துச்சு.

மத்தவங்களா இருந்தா முதுகைக் காட்டி ஓடியிருப்பாங்க. முதுகைக் காட்டினா மலை இடது கைக்கு வந்துடுமே! நாலு பேரும் காளையைப் பாத்தபடியே, கையெடுத்துக் கும்பிட்டபடியே, பின்னாலேயே ஓடினாங்க. "வாங்க மாமா, வாங்க! கல்யாணம் இந்தப் பக்கம் இல்லை மாமா! வந்ததே சந்தோஷம், வாங்க!"

காளை கொஞ்ச தூரம்தான் ஓடுச்சு. அப்புறம் வெத்தலை வாசனையை மோந்துக்கிட்டு நடந்துச்சு. அது நடந்தா இவங்களும் நடந்தாங்க. அது ஓடினா இவங்களும் ஓடினாங்க. புல்வெளி போச்சு, காடு வந்துச்சு. பாறையை முள்ளுக்குள்ள புகுந்து பின்பக்கமாச் சுத்தினாங்க. இறக்கத்துல பக்கவாட்டுல உருண்டாங்க. "நல்லவேளை, கல்லையெல்லாம் ஒதுக்கி வச்சோம்"னு பொம்மையன் உருண்டுக்கிட்டே சொன்னார்.

ஊர்ப் பந்தல்ல பொம்பளைங்க விளக்கையும் தீப்பெட்டியையும் எடுத்து வச்சுட்டாங்க. சோணைமுத்து மாலையை ஒரு தடவை கழுத்துல போட்டுப் பாத்துட்டான். மணையில இருந்த பஞ்சவர்ணம் தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு இருந்தா. அப்பத்தான், காலையில கிளம்பிப் போன அதே பக்கத்துல இருந்து நாலு முதுகு தெரிஞ்சுது. முதுகுக்குப் பின்னாடி காளை.

"வந்துட்டாங்க!"ன்னு ஊரே கத்துச்சு.

பொம்மையன் வந்து நின்னதும் முதல் வேலையா, காளையைப் பந்தல் முன்வரிசையில கட்டி வச்சார். சோணைமுத்துவோட நாற்காலிக்குப் பக்கத்துல. "பெரிய மாமா கொஞ்சம் கோபமா இருந்தார். சமாதானம் பண்ணிக் கையோட கூட்டிட்டு வந்துட்டோம்." பெரிய மாமா உடனே சோணைமுத்து கையில இருந்த மாலையைச் சாப்பிட ஆரம்பிச்சுட்டார்.

"மலை வலது கையிலேயே இருந்துச்சா?"ன்னு குருவப்பன் கேட்டார்.

"ஒரு நொடி மாறலை சம்பந்தி."

"சுத்தியாச்சா?"

"பாதி தூரம் போனோம். அப்புறம் திரும்பாம, அப்படியே பின்னால நடந்து வந்துட்டோம்."

குருவப்பன் தாடையைத் தடவினார். ஊர்ப் பெரியவங்களும் சுத்தி உட்கார்ந்து தாடையைத் தடவினாங்க.

"பொம்மையா, ஒரு கூடையைப் பாதி பின்னுறே. அப்புறம் பின்னின குச்சியை ஒண்ணொண்ணா உருவிடுறே. கூடை இருக்குமா?"

"இருக்காது சம்பந்தி."

"நீங்க பாதி மலையைச் சுத்தினீங்க. சுத்தின பாதியை அப்படியே பிரிச்சுட்டீங்க. அப்போ நீங்க சுத்தவும் இல்லை, திரும்பவும் இல்லை. நீங்க இன்னும் கிளம்பவே இல்லை!"

சடையாண்டி அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டான். அவ்வளவு முள்ளுலயும் கல்லுலயும் கிழிஞ்சது அவனுக்கு வலிக்கலை, இதுதான் வலிச்சுது. சோணைமுத்து, மாலை போனா போகுதுன்னு, மணையைப் பாத்து எந்திரிச்சு வந்தான். ஒரு அம்மா தீக்குச்சியை உரசப் போனாங்க.

"அப்பா! நிறுத்தச் சொல்லுங்க"ன்னு பஞ்சவர்ணம் கத்தினா. "அவர் இன்னும் கிளம்பலைன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"மாப்பிள்ளை எப்போ கிளம்பணும்?"

"விடியக்காலத்துல."

"அப்போ இப்போ மணி என்ன ஆகுது?"

பந்தல்ல இருந்தவங்க எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பாத்தாங்க. காளைகூட மாலையை மெல்லுறதை நிறுத்திருச்சு.

"அட ஆமால்ல!"ன்னு குருவப்பன் தொடையைத் தட்டினார். "மாப்பிள்ளை கிளம்பலைன்னா இன்னும் விடியக்காலம்தான்! ஏம்மா, காலங்காத்தால விளக்கு வைக்க நிக்கிறீங்களே, அறிவிருக்கா?"

"பொழுது சாய்ஞ்சு இருட்டிக்கிட்டு வருதேங்க"ன்னு சோணைமுத்து சொன்னான்.

"விடியறதுக்கு முன்னாடி இருட்டாத்தான்டா இருக்கும். நீ என்ன இவ்வளவு சீக்கிரம் வந்து உட்கார்ந்திருக்கே? மில்லைத் திறக்க வேண்டாமா?"

சோணைமுத்துவும் அந்த ஊர்க்காரன்தானே. "ஐயையோ, நேரமாச்சே"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மில்லுக்கு ஓடினான். கொஞ்ச நேரத்துல மில்லு ஓடுற சத்தம் கேட்டுச்சு.

பஞ்சவர்ணம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, நாலு பேருக்கும் இட்லி எடுத்து வைக்கச் சொன்னா. "வெறும் வயித்தோட போகாதீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள நடந்துடுங்க"ன்னு சடையாண்டிகிட்ட சொன்னா. அவனும் தலையை ஆட்டிக்கிட்டே சாப்பிட்டான். மறுபடியும் நாலு பேரும் கிளம்பினாங்க.

இந்தத் தடவை ஒரு சிக்கலும் இல்லை. கல்லு ஏற்கெனவே ஒதுக்கி வச்சது. பெரிய மாமா பந்தல்ல இருக்கார். வானம் மட்டும் ஏனோ ரொம்ப மப்பா இருந்துச்சு, மலையே கண்ணுக்குத் தெரியலை. அதனால வலது கையால மலையைத் தொட்டுத் தடவிக்கிட்டே போனாங்க. மரத்தைத் தொட்டப்பல்லாம், "இது மலையா, மலை மேல இருக்கிறதா?"ன்னு நின்னு பேசி முடிவு பண்ணிட்டுத்தான் நடந்தாங்க. புல்வெளியில சின்னம்மாவும் அத்தையும் மதினியும் படுத்து அசைபோட்டுக்கிட்டு இருந்தாங்க. "எல்லாரும் கிளம்பத் தயாரா உட்கார்ந்திருக்காங்க"ன்னு இருளப்பன் மெச்சிக்கிட்டார்.

அந்தப் பக்கமா இறங்கி அவங்க ஊருக்குள்ள நுழைஞ்சப்போ, கிழக்கே லேசா வெளுத்துக்கிட்டு இருந்துச்சு.

"சீக்கிரம், சீக்கிரம்! பொழுது சாயுது!"ன்னு குருவப்பன் விரட்டினார். சடையாண்டி ஓடி வந்து மணையில உட்கார்ந்தான். தாலியைக் கட்டினான். பஞ்சவர்ணம் குனிஞ்ச தலை நிமிராம சிரிச்சா. பகல் பூரா மாவு அரைச்சு அலுத்துப்போன சோணைமுத்து, தலை முதல் கால் வரைக்கும் வெள்ளையா வந்து நின்னு, நல்லா இருங்கன்னு அட்சதை போட்டான். தாலி ஏறின கையோட பொம்பளைங்க விளக்கு ஏத்தினாங்க. சரியான நேரத்துக்கு வந்தாங்கன்னு ஊரே பாராட்டுச்சு.

அப்போ மலைக்குப் பின்னாடியிருந்து பெரிசா, வட்டமா, செவசெவன்னு ஒண்ணு மேலே வந்துச்சு.

"ஆகா, என்னா நிலா!"ன்னு குருவப்பன் கன்னத்துல போட்டுக்கிட்டார். "நல்ல நாளாப் பாத்துத்தான் பௌர்ணமி வந்திருக்கு. சரி சரி, ராத்திரி வெகுநேரம் ஆச்சு. எல்லாரும் போய்ப் படுங்க."

ஊர் பூரா பாயை விரிச்சுப் படுத்துருச்சு. பொம்மையன் மட்டும் வாசல்ல நின்னு, கண்ணுக்கு மேல கையை வச்சு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தார். நெத்தியில வேர்வை வழிஞ்சுது.

"ஏன் சம்பந்தி, இந்த நிலா என்ன இப்படிச் சுடுது?"

உள்ளே படுத்திருந்த குருவப்பன் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டார்.

"பின்னே, நிலாவுல நின்னா சுடத்தான் செய்யும். நிழல்ல வந்து படுங்க."